ஜெர்மனியில் பணியமர்ந்த படைவீரர்களும் குடும்பத்தாரும்: சாலையோரத் தொல்லை குறித்த கேள்வி பதில்

கைசர்ஸ்லாட்டர்ன் நகரையும் ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்தையும் சுற்றி ஏறத்தாழ 50,000 அமெரிக்கர்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் பணிமாற்றத்தில் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்தினர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ஜெர்மனி பொதுவாக அச்சமின்றி நடமாடக்கூடிய நாடுதான். ஆயினும் மொழி தெரியாத ஊரில், வீரரின் குடும்பம் என்று எளிதில் அடையாளம் காணப்படும் நிலையில், சாலையில் நேரும் சிறு தொல்லைகூட மனத்தை உலுக்கிவிடும் என்பதை நான் நன்கு அறிவேன்.

கேள்வி: என் கணவர் பயிற்சிக்குச் சென்றிருந்த வாரத்தில், இரவு கடையிலிருந்து காரில் திரும்பும்போது வேறொரு கார் என்னைப் பின்தொடர்ந்து வந்தது. நான் பயந்து நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செய்தது சரியா, ஐயா?

பதில்: பத்திரமாக வந்து சேர்ந்தீர்கள் என்பதே முதல் நிம்மதி, சகோதரி. ஆனால் இனி அப்படி நேர்ந்தால் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். பின்தொடர்பவனுக்கு உங்கள் முகவரியையும், வாசலில் வேறு வண்டி இல்லை என்பதையும் நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். முதலில் அவன் உண்மையிலேயே பின்தொடர்கிறானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பகுதியில் ரவுண்டானாக்களுக்குக் குறைவில்லை. ஒன்றில் நுழைந்து, வெளியேறாமல் இரண்டு முறை முழுச் சுற்று வாருங்கள். தன் வழியில் போகிற யாரும் உங்களோடு சேர்ந்து இரண்டாவது சுற்றுச் சுற்ற மாட்டார்கள். அவனும் சுற்றினால் ஐயம் தீர்ந்தது.

பிறகு ஆட்களும் வெளிச்சமும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். இரவு முழுவதும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், ஜெர்மன் காவல் நிலையம், எல்லாவற்றிலும் மேலாகப் படைத்தளத்தின் நுழைவாயில் ஆகியவை ஏற்றவை. ஆயுதம் தாங்கிய காவலர் நிற்கும் வாயிலை நோக்கி எவனும் பின்தொடர்ந்து வருவது அரிது. கதவுகளைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, கைபேசியைக் கையில் எடுக்காமல் காரின் ஒலிபெருக்கி வழியாக 110 என்ற காவல்துறை எண்ணை அழையுங்கள். ஆங்கிலத்தில் பேசலாம், சாலையின் பெயரும் போகும் திசையும் பின்னால் வரும் வண்டியின் நிறமும் எண்ணுமே அவர்களுக்கு முதலில் தேவை. ஒன்றை மறவாதீர்கள்: ஜெர்மனியில் சிம் அட்டை இல்லாத கைபேசியிலிருந்து அவசர எண்ணை அழைக்க இயலாது. வந்திறங்கிய முதல் நாளிலேயே உள்ளூர் சிம் வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: தளத்துக்கு வெளியே கிராமச் சாலையில் காலையில் ஓடுவது என் வழக்கம். காரில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, கூச்சலிட்டு, சீட்டியடிக்கிறார்கள். தனியாக ஓடாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: உடற்தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டிய வீராங்கனையிடம் ஓடாதே என்று சொல்வது அறிவுரையே அன்று. தவறு செய்கிறவன் காரில் இருக்கிறான். வீட்டில் அடைபட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

ஜெர்மன் சாலை விதிப்படி, ஊர் எல்லைக்கு வெளியே நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். வாகனங்கள் வலப்பக்கம் ஓடுவதால், உங்கள் ஓரமாக வரும் ஒவ்வொரு வண்டியும் எதிரே முகம் காட்டித்தான் வரும்; முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து ஒட்ட முடியாது. ஒரு வண்டி உங்கள் அருகே நின்றால் பேச்சுக் கொடுக்காமல், அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுங்கள். குறுகிய சாலையில் வண்டியைத் திருப்ப அவனுக்கு நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியில் நீங்கள் ஒரு வீட்டு வாசலையோ திருப்பத்தையோ எட்டிவிடலாம். இரு காதையும் அடைக்கும் ஹெட்போனைத் தவிருங்கள். ஓடும் பாதையையும் நேரத்தையும் செயலிகளில் எல்லோரும் பார்க்கும்படி வைக்காதீர்கள். நாள்தோறும் அதே நேரத்தில் அதே வளைவைக் கடப்பவரை ஒருவன் காத்திருந்து மறிப்பது மிக எளிது.

கேள்வி: ஆட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலையில் ஒருவர் காரை ஓரங்கட்டிவிட்டுக் கைகாட்டி உதவி கேட்டார். நிற்காமல் வந்துவிட்டேன். ஜெர்மனியில் உதவாமல் போவது குற்றம் என்று நண்பர் சொன்னதிலிருந்து உறக்கமில்லை.

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. விபத்திலோ பேராபத்திலோ உள்ளவருக்கு உதவ மறுப்பது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவின்கீழ் ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்குரியது. ஆனால் தன்னைப் பெரும் ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொண்டு உதவ வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. வண்டி பழுதாகி நிற்பது மட்டுமே பேராபத்தும் ஆகாது. உண்மையான விபத்தாகவே தோன்றினாலும், தனியாகச் செல்பவர் நிற்க அஞ்சினால், உடனே 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து இடத்தைத் தெரிவிப்பதும் உதவியே.

எரிபொருள் தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போகப் பணமில்லை என்று உருக்கமாகப் பேசி, விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றித் தங்கம் என்று விற்கும் கூட்டம் ஆட்டோபான் ஓரங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. அது பித்தளைதான். மறுத்தால் குரல் உயரும், கார்க் கதவைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் சொந்த வண்டியே பழுதாகி நின்றால், சாலையோரக் குறுங்கம்பங்களில் உள்ள சிறிய அம்புக்குறியைப் பாருங்கள். அருகிலுள்ள அவசரத் தொலைபேசி எந்தப் பக்கம் என்பதை அது காட்டும்.

கேள்வி: ரயில் நிலையத்தில் ஒரு முன்பின் தெரியாதவர், "நீங்கள் படைவீரரா, எங்கே அனுப்பப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். மரியாதைக்காகவேனும் பதில் சொல்ல வேண்டாமா?

பதில்: வேண்டாம், தம்பி. 2011 மார்ச் 2 அன்று பிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்கு வெளியே ராம்ஸ்டைனுக்குப் புறப்படவிருந்த பேருந்தின் அருகே, ஓர் இளைஞன் சிகரெட் கேட்டு வந்து, ஆப்கானிஸ்தானுக்குப் போகிறீர்களா என்று விசாரித்தான். ஆம் என்று தெரிந்ததும் துப்பாக்கியை எடுத்தான். விமானப்படையினர் இருவர் உயிரிழந்தனர், இருவர் காயமுற்றனர். அதற்கும் முன்னர் 1985 ஆகஸ்டில், வீஸ்பாடன் நகரில் இருபது வயது வீரர் ஒருவரைத் தீவிரவாதிகள் தனியே அழைத்துச் சென்று கொன்றது அவருடைய அடையாள அட்டைக்காகவே. மறுநாள் பிராங்ஃபர்ட் அருகே இருந்த ரைன்-மைன் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வெடிகுண்டு வைக்க அந்த அட்டை பயன்பட்டது. கேட்பவர் அனைவரும் கொலைகாரர் அல்லர். ஆயினும் புன்னகையோடு "இங்கே வேலை பார்க்கிறேன்" என்று சொல்லி நகர்வதால் எவர் மனமும் புண்படாது. அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தளத்துக்கு வெளியே வராதீர்கள். படைப்பிரிவின் பெயர் பொறித்த சட்டையும், காரின் பின்கண்ணாடியில் ஒட்டிய படைச்சின்னமும் அதே வேலையைத்தான் செய்யும்.

கேள்வி: இடது தடத்தில் போகும்போது பின்னால் ஒருவர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே ஒட்டி வந்தார். கோபத்தில் நடுவிரலைக் காட்டிவிட்டேன்.

பதில்: அந்தச் சைகை இங்கே அவமதிப்புக் குற்றம், அவர் புகார் அளித்தால் அபராதம் உங்களுக்குத்தான். ஊருக்கு வெளியே முந்தப்போவதை அறிவிக்க விளக்கைச் சிறிது சிமிட்டுவது விதிப்படி அனுமதிக்கப்பட்டது. விடாமல் ஒட்டி வந்து மிரட்டுவது வேறு, அது கட்டாயப்படுத்தல் என்ற குற்றமாகலாம். வலது தடத்துக்கு ஒதுங்கி அவரைப் போகவிட்டு, வண்டி எண்ணை உடன் வருபவரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

கேள்வி: தெருவில் ஒருவன் என்னைத் தொட்டுவிட்டு ஓடினான். ராணுவக் காவலரிடம் சொல்வதா, ஜெர்மன் காவல்துறையிடமா?

பதில்: தளத்துக்கு வெளியே நடந்தது என்றால் முதலில் ஜெர்மன் காவல்துறையிடம். பாலியல் நோக்கில் உடலைத் தொட்டுத் துன்புறுத்துவது 2016 நவம்பர் முதல் 184i என்ற பிரிவின்கீழ் தனிக்குற்றம். இரண்டாண்டுவரை சிறை உண்டு. இத்தகைய குற்றங்களில் புகார் கொடுப்பதோடு நில்லாமல், வழக்குத் தொடரும்படி பொதுவாகப் பாதிக்கப்பட்டவரே கோர வேண்டும். அதற்குக் காலவரம்பு 3 மாதம். பலர் புகார் அளித்த நிம்மதியில் இதைத் தவறவிடுகிறார்கள். கையொப்பமிடும் தாளில் "ஸ்ட்ராஃப்ஆன்ட்ராக்" (வழக்குத் தொடரக் கோருதல்) என்ற பகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதன்பின் தளத்தின் காவல் பிரிவுக்கும் தெரிவியுங்கள். ஒரே தெருவைப் பற்றி வேறு எவரேனும் முன்பே சொல்லியிருந்தால், அங்கே எச்சரிக்கை விடுக்க அவர்களால்தான் முடியும். மனம்விட்டுப் பேசத் துணை வேண்டுமெனில் பெண்களுக்கான 116 016 என்ற உதவி எண், பகலும் இரவும் கட்டணமின்றி, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

கேள்வி: தொல்லை கொடுப்பவர் வெளியாள் அல்லர், என் கணவரின் படைப்பிரிவைச் சேர்ந்தவர். தளத்துக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து வழிமறிக்கிறார். சொன்னால் கணவரின் பதவி உயர்வு பாதிக்குமோ?

பதில்: இந்தக் கேள்வியை எழுத உங்களுக்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும் என்பது புரிகிறது. பிறநாட்டில் பணியிலிருக்கும் அமெரிக்க வீரர் மீது ஜெர்மனிக்கும் வழக்கதிகாரம் உண்டு. நேட்டோ படைகள் குறித்த துணை ஒப்பந்தத்தின்படி, பெரும்பாலான வழக்குகளில் ஜெர்மனி தன் முன்னுரிமையை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறது. ஆகவே இது பெரும்பாலும் ராணுவச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்படும். 2022 ஜனவரி முதல் பாலியல் தொந்தரவு அச்சட்டத்தில் தனிக்குற்றமாகவே சேர்க்கப்பட்டுள்ளது. அந்த நபரின் மேலதிகாரியை நேரில் அணுகத் தயங்கினால், தளத்திலுள்ள பாதிக்கப்பட்டோருக்கான சட்ட ஆலோசகரையோ குடும்ப ஆதரவு அலுவலகத்தையோ முதலில் பாருங்கள். உங்களுக்கு என்னென்ன வழிகள் உள்ளன என்பதை அவர்கள் விளக்குவார்கள். வழிமறித்த ஒவ்வொரு நாளின் தேதியையும் நேரத்தையும், அருகில் நின்றவர் யார் என்பதையும், அவர் சொன்ன சொற்களையும் அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். குறுஞ்செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள். ஆனால் அவர் பேச்சை ரகசியமாக ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். பொதுவில் அல்லாத பேச்சைச் சம்மதமின்றிப் பதிவது ஜெர்மனியில் குற்றம், அது உங்கள் பக்கத்தையே பலவீனப்படுத்தும்.