பல் பரப்பும் சிமென்ட் பிடிப்பும்: கேள்வி பதில்

இறுதியாண்டு மாணவி: பர் (பல்லைச் செதுக்கும் சுழல்முனை) போட்டுக் கழுவியதும் பல் சுத்தமாகத்தானே இருக்கிறது? எட்ச் (அமிலத்தால் பரப்பை அரிப்பது) எதற்கு?

கண்ணுக்குச் சுத்தம்தான். நுண்ணோக்கியில் பாருங்கள், பர் ஓடிய இடமெல்லாம் ஒரு படலம் அப்பியிருக்கும். பல்தூள், கிழிந்த கொலாஜன் (புரத நார்), எச்சில், பாக்டீரியா எல்லாம் சேர்த்து மெழுகியது போல. ஸ்மியர் லேயர் என்பது இதுதான். தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். ஆனால் அது பல்லில் உறுதியாகப் பிடித்திருப்பதில்லை. நீங்கள் பூசும் சிமென்ட் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், படலம் பெயர்ந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

பல்லின் வெளி ஓடான எனாமலில் தலைவலி குறைவு. எடையில் 96 சதவீதம் தாது. 1955-ல் புவோனோகோர் என்ற ஆய்வாளர் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடி வைத்து, அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்று 37 சதவீத ஜெல், 15 முதல் 30 நொடி. அமிலம் மேடும் பள்ளமுமாக அரிக்கும், ரெசின் (இறுகும் பிசின்) அதற்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு வெள்ளை தெரிய வேண்டும்.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வேறு சாதி. தாது சுமார் 70 சதவீதம்தான், மீதி கொலாஜனும் தண்ணீரும். அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் வலை மட்டும் நிற்கும், அதைத் தாங்குவது தண்ணீர். ரெசின் அந்த வலைக்குள் புகுந்து இறுகினால் கிடைப்பதுதான் 1982-ல் நாகபயாஷி விவரித்த ஹைப்ரிட் லேயர். காற்றை ஊதி வறட்டினால் வலை படுத்துவிடும், ரெசின் நுழைய வழியில்லை. எனவே என் நிரந்தர நச்சரிப்பு: எட்ச் செய்த டென்டினை ஊதாதீர்கள், ஒற்றி எடுங்கள். 15 நொடியைத் தாண்டாதீர்கள்.

கிளினிக் வைத்திருப்பவர்: எந்த சிமென்ட் பெஸ்ட்?

எந்தப் பரப்பில்?

பயிற்சி மருத்துவர்: கிளாஸ் அயனோமர் சிமென்ட்டுக்கும் அதே பாஸ்பாரிக் ஜெல் போடலாமா?

வேண்டாம். கிளாஸ் அயனோமரின் கார்பாக்சில் தொகுதிகள் பல்லிலுள்ள கால்சியத்தைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. பாஸ்பாரிக் அமிலம் டென்டின் பரப்பிலிருந்து அந்தக் கால்சியத்தையே உருவிவிடும். 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலம் 20 நொடி போதும், படலம் போகும், தாது மிஞ்சும். கழுவிய பிறகு பளபளப்பு மிச்சமிருக்கட்டும், வறட்டாதீர்கள். (மறுபடியும் அதே நச்சரிப்பு.)

இன்னொருவர்: ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட்டுக்கு?

அது பல்லோடு வேதிப்பிணைப்பு போடாது. பிடித்து நிறுத்துவது செதுக்கிய பல்சுவரின் உயரம், சரிவு, சொரசொரப்பு, அவ்வளவுதான்.

கிளினிக் வைத்திருப்பவர்: செல்ஃப் அட்ஹெசிவ் (தானே ஒட்டும்) ரெசின் சிமென்ட்டுக்கு முன்னாலும் நான் பல் முழுக்க எட்ச் செய்கிறேன். ஒன்றுகூடக் கழன்றதில்லை.

கழலாததற்குக் காரணம் உங்கள் எட்ச் என்று எப்படித் தெரியும்? உயரமான, சரிவு குறைந்த கிரவுன் தயாரிப்பு (கேப் மாட்டச் செதுக்கிய பல்), சிமென்ட் சுமாராக இருந்தாலும் நிற்கும். இந்த சிமென்ட் கெட்டிக் குழம்பு. பாஸ்பாரிக் அமிலம் டென்டினில் சில மைக்ரான் ஆழம் வரை தாதுவைக் கரைத்துவிடும், அவ்வளவு ஆழத்துக்கு இது இறங்காது. அடியில் கொலாஜன் அம்மணமாக நிற்கும், பல்லிலேயே இருக்கும் எம்.எம்.பி. என்ற, புரதம் கரைக்கும் நொதிகள் அதை மெல்ல மெல்ல அரிக்கும். எனாமல் விளிம்பு இருந்தால் அங்கே மட்டும் எட்ச் செய்யுங்கள், அது லாபம்.

பயிற்சி மருத்துவர்: விளிம்பில் மட்டும் வைத்தால் ஜெல் வழியாதா? கிரவுன் தயாரிப்பில் எனாமல் எங்கே மிஞ்சுகிறது?

சரியான கேள்வி. எனாமல் மிஞ்சாத பல்லில் ஜெல்லையே எடுக்காதீர்கள். நான் சொன்னது ஆன்லே (பல்லின் மேற்பகுதியை மட்டும் மூடுவது) மாதிரி அகலமான எனாமல் விளிம்பு உள்ளவற்றுக்கு. அங்கே கெட்டியான ஜெல்லை நுனியால் கோடு போல இடலாம்.

கிளினிக் வைத்திருப்பவர்: அப்படியானால் குளோர்ஹெக்சிடின் தடவி எம்.எம்.பி.யை அடக்கிவிட்டால் போச்சு!

2 சதவீதக் கரைசல் அந்த நொதிகளை அடக்கும், உண்மை. ஆனால் அது எட்ச் செய்து கழுவி, பாண்டிங் (ஒட்டவைக்கும் ரெசின் திரவம்) பூசும் முறைக்கான பேச்சு. ரெசின் இறங்காத பள்ளத்தை அது நிரப்பாது. நீங்களே உண்டாக்கும் சிக்கலுக்கு இன்னொரு புட்டி எதற்கு?

மாணவர்: தற்காலிக சிமென்ட்டில் யூஜினால் (கிராம்பு எண்ணெயிலுள்ள பொருள்) இருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்தால் போதுமா?

போதாது. யூஜினால் ரெசின் இறுகுவதைத் தடுக்கும், ஒட்டியிருக்கும் துணுக்குகளும் இடைஞ்சல். பியூமிஸ் (நுரைக்கல் தூள்) குழைத்துத் தேயுங்கள், அல்லது 50 மைக்ரான் அலுமினா அடியுங்கள். அதைவிட, ரெசின் சிமென்ட் போடப்போவது முன்கூட்டியே தெரிந்தால் யூஜினால் இல்லாததை வாங்குங்கள்.

மாணவி: பிளீச்சிங் செய்த பல்லில் உடனே பாண்டிங்?

இரண்டு வாரம் பொறுங்கள். பல்லில் தங்கும் ஆக்சிஜனும் ரெசினை இறுக விடாது. வேர்க்கால்வாயில் கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் ஓடிய டென்டினிலும் பிடிப்பு குறையலாம், அதற்கு சோடியம் அஸ்கார்பேட் கைகொடுக்கும்.

வேறொருவர்: எனாமலுக்கு எத்தனை நொடி?

மேலே இருக்கிறது.

இன்னும் ஒருவர்: டென்டினுக்கு?

அதுவும் மேலேதான்!

ஒருவர்: ஜிர்கோனியா கிரவுனில் எச்சில் பட்டுவிட்டது. பாஸ்பாரிக் ஜெல்லால் கழுவலாமா?

கேள்வி பல்லைத் தாண்டிவிட்டது, இருந்தாலும்: கூடாது. எம்.டி.பி. (ஜிர்கோனியாவோடு சிமென்ட்டைப் பிணைக்கும் மூலக்கூறு) பிடிக்க வேண்டிய இடத்தில் பாஸ்பேட் உட்கார்ந்துகொள்ளும். வாயில் பொருத்திப் பார்த்த பிறகு மணல் அடியுங்கள்.

நோயாளி: என் கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா?

வேண்டவே வேண்டாம். கேப்பை ஒரு டப்பாவில் பத்திரமாகப் போட்டு, சீக்கிரம் உங்கள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.