வீட்டு புரோக்கர் யார் பக்கம்?

சென்னையில் பழைய வீடு வாங்கப்போகிறேன், புரோக்கர் எனக்காகத்தானே பேசுவார் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நம்பிவிடாதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பார்; இருவரிடமும் கமிஷன் வாங்குவார், வழக்கமாக விலையில் 1 அல்லது 2 சதவீதம். விலை ஏறினால் அவர் பங்கும் ஏறும். உங்களுக்காக அவர் ஏன் மல்லுக்கட்டிக் குறைக்கப்போகிறார்? முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே கமிஷன் எவ்வளவு, எப்போது என்று பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். 2016 ரெரா சட்டப்படி (ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் சட்டம்), அதன்கீழ் பதிவான கட்டுமான, மனைத் திட்டங்களில் விற்றுத்தரும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனியார் ஒருவரின் பழைய வீட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. அப்புறம், வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள். தாய்ப்பத்திரத்தை (சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய மூலப் பத்திரம்) உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், புரோக்கர் கூட்டிவரும் வக்கீலிடம் வேண்டாம்.