மொட்டைமாடிக் குடியரசின் மொழி

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குக் கல்லூரி வந்து போகும் மாணவன். நானும் மூன்று நண்பர்களும் எங்கள் வீட்டு மொட்டைமாடியைத் தனி நாடாக அறிவித்து விளையாட்டாக நடத்திவருகிறோம். கொடி இருக்கிறது, சட்டமும் எழுதி வைத்திருக்கிறோம். 200 சொற்களும் ஒரு பக்க இலக்கணமும் கொண்ட மொழி ஒன்றை நானே உருவாக்கினேன். அண்மையில் நண்பன் ஒருவன் என்னைக் கேட்காமல் பன்மை விகுதியை மாற்றிப் பேசத் தொடங்கினான். மற்ற இருவரும் அவன் பக்கம் போய்விட்டார்கள். அவனைக் குடியுரிமையிலிருந்து நீக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இத்தகைய குறுநாடுகளுக்கு, செய்துகொண்ட மொழி உண்மையில் அடையாளம் தருகிறதா? சங்கம் வளர்த்த ஊருக்கு அருகில் இருந்துகொண்டு வேறொரு மொழியைச் செய்வது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறில்லை. ஒரு கூட்டம் தனக்கென்று சொல் வைத்துக்கொள்வதை நம் இலக்கணக்காரர்கள் குற்றமாகப் பார்க்கவில்லை. குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக நன்னூலிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும் பள்ளியில் நீங்களும் படித்திருப்பீர்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் பொற்கொல்லருக்குப் பட்டறை முதலில் இருந்தது. வாங்க வந்தவர் காதுக்கு எட்டக் கூடாத சொல்லின் தேவை பிறகு வந்தது. குறுநாடு கட்டுபவர் தலைகீழாகத் தொடங்குகிறார். சொற்களைச் செய்து அடுக்கிவிட்டு, அவற்றைப் பேசக் கூட்டம் வரும் என்று காத்திருக்கிறார்.

அப்படிக் காத்திருந்து வென்ற குறுநாடு என்றால் தலோசாவைத்தான் சொல்ல வேண்டும். 1979 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ராபர்ட் பென் மாடிசன் என்ற 14 வயதுச் சிறுவன் தன் படுக்கையறையைத் தனி அரசாக அறிவித்தான். ஃபின்னிய மொழியில் 'தலோசா' என்றால் 'வீட்டுக்குள்' என்று பொருள். உங்கள் மொட்டைமாடிக்கு அது ஒருவகையில் மூத்த உறவு. அடுத்த ஆண்டே அதற்கு மொழி செய்யத் தொடங்கினான். லத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளின் சாயலில் வளர்ந்த அதில் இன்று பல்லாயிரம் சொற்கள் உள்ளன. மாடிசன் மொழியோடு நிற்கவில்லை. தலோசர்கள் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களின் வழிவந்தவர்கள் என்று ஒரு வரலாற்றையும் சொல்லி, அதற்குத் தோதாகப் பெர்பர் சொற்களையும் மொழிக்குள் புகுத்தினார். இல்லாத முன்னோருக்குச் சொல்லைக்கொண்டே சாட்சி தயாரிக்கும் வேலை அது. வேர்ச்சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எதையும் நிறுவிவிடும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால், என்னால் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

கொடியை ஒரு மாலையில் தைத்துவிடலாம், கடவுச்சீட்டை அச்சகத்தில் கொடுத்து வாங்கிவிடலாம். வினைத்திரிபுகளை அப்படி வாங்க முடியாது. அவற்றை மனப்பாடம் செய்ய ஒருவர் செலவிடும் நாள்கள்தான் அவரை அந்த நாட்டுக்காரராக்குகின்றன என்பது என் எண்ணம். செய்துகொண்ட மொழி பேசுவதற்குப் பயன்படுவதைவிட, இவ்வளவு சிரமப்பட்டவன் நம்மவன் என்று காட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது. 2019-இல் பேச்சுக்கு வந்த கைலாசாவைப் பாருங்கள்: கொடி, கடவுச்சீட்டு, காசு எல்லாவற்றையும் அறிவித்தவர்கள் புது மொழி செய்யவில்லை. பின்பற்றுவோர் முன்பே திரண்டிருந்ததால் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பிறர் செய்த மொழியை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இத்தாலியின் ரிமினி நகருக்கு அப்பால், ஏட்ரியாட்டிக் கடலில், பொறியாளர் ஜோர்ஜோ ரோசா 400 சதுர மீட்டர் அளவில் ஒரு மேடை எழுப்பி 1968-இல் அதை விடுதலை பெற்ற நாடாக அறிவித்தார். அலுவல் மொழி, ஸாமென்ஹாஃப் 1887-இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ. நாட்டின் பெயரும் அந்த மொழியில்தான் இருந்தது. கரையிலிருப்பவர்கள்தான் இத்தாலியர், நாங்கள் இல்லை என்று உரக்கச் சொல்ல அது உதவியது. இத்தாலிய அரசு மேடையைக் கைப்பற்றி 1969 பிப்ரவரியில் தகர்த்தது. அதன் பிறகு ரோசா தரப்பு வெளியிட்ட அஞ்சல்தலையில், பகைவரின் வெறி கட்டியதை அழித்தது, எண்ணத்தை அழிக்கவில்லை என்ற பொருள்படும் வாசகம் லத்தீனில் இருந்தது. இழவு விழுந்தபோது எஸ்பெராண்டோ வாயில் வரவில்லை என்றுதான் இதைப் படிக்கிறேன்.

இதற்கு நேரெதிரானதை நீங்கள் கல்லூரிக்குப் போகும் வழியிலேயே கேட்கலாம். மதுரையில் மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர மக்கள் பேசும் மொழிக்கு நாடும் இல்லை, மாநிலமும் இல்லை. நடன கோபால நாயகி சுவாமிகள் அதில் பாடிய பாடல்கள் இருக்கின்றன. 2008-இல் யூனிகோடில் இடம்பெற்ற தனி எழுத்தும் இருக்கிறது, ஆனால் பலரும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார்கள். பள்ளி நாள்களில் நான் போய்வந்த ஒரு நெசவாளர் வீட்டில், நண்பனின் அம்மா என்னிடம் தமிழில் காப்பி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே, மூச்சுவிடும் இடைவெளியில் அவனைச் சௌராஷ்டிரத்தில் திட்டுவார். யாருக்கும் எதையும் நிறுவ வேண்டிய அவசியம் அந்தத் திட்டுக்கு இல்லை.

உங்கள் மொழியில் திட்ட முடிகிறதா? சொற்பட்டியலை நீங்கள் அனுப்பவில்லை. அமைச்சருக்கும் வரிக்கும் சொல் இருக்கும், 'போடா' என்பதற்கு இருக்காது என்று ஊகிக்கிறேன். பன்மை விகுதியை மாற்றிய நண்பரை நீக்க வேண்டாம். தலோசாவில் 2004-இல் ஒரு பிரிவினர் வெளியேறித் தனிக் குடியரசு அமைத்தபோதும் அதே பெயரையே வைத்துக்கொண்டார்கள். 2005-இல் மாடிசனே அரியணையை விட்டு விலகினார். 2012-இல் இரு தரப்பும் மீண்டும் இணைந்தன. உருவாக்கியவர் விலகிய பிறகும் மொழியை மற்றவர்கள் பேணிவருகிறார்கள். உங்கள் அகராதியில் உங்கள் விகுதியை முதலிலும் அவருடையதை அதற்குக் கீழும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எது வழக்கில் இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.