பந்து போகாத பக்கம் கேமராவைத் திருப்புங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடும் என் அக்கா மகன் டிஃபென்சிவ் பேக். கல்லூரி அணிக்கு எடுப்பவர்கள் எதை வைத்து எடுக்கிறார்கள்? வீடியோ அனுப்பினால் போதுமா?

அனுப்பலாம். ஆனால் எந்த வீடியோ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருப்பவன். என் மகன் மூன்று வருடம் பள்ளி அணியில் கார்னர்பேக் ஆடினான். முதல் இரண்டு வருட ஆட்டங்களை ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் நானே படம் பிடித்தேன். அத்தனையும் வீண். அது ஏன் வீணானது என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். எறிபவர் குவார்ட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். அவரைப் பிடிக்க விடாமல் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடும் கடைசி வரிசைக்காரர்கள்தான் டிஃபென்சிவ் பேக். ஓரத்தில் நிற்பவர் கார்னர், நடுவில் பின்னால் தள்ளி நிற்பவர் சேஃப்டி. கபடி பார்ப்பவர்களுக்குக் கார்னர், கவர் எல்லாம் பழகிய சொற்கள்தான். இங்கேயும் அதே சொற்கள் உண்டு, வேலை வேறு. கபடியில் ரெய்டர் தேடி வந்துதான் ஆக வேண்டும். இங்கே கார்னர் நன்றாக ஆடினால் பந்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

என் வீடியோக்களின் கோளாறும் அதுதான். பந்து போகும் இடமெல்லாம் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தேன், ஜூம் வேறு. மகன் படத்துக்குள் வருவதே பந்து அவன் தலைக்கு மேல் வந்த பிறகுதான். அந்த வகையில் நாலு இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை இவன் பிடித்தது, அப்புறம் ஏழெட்டுத் தட்டிவிட்ட பந்துகள். எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, பின்னணியில் இசை போட்டு, மூன்று நிமிட ஹைலைட் ஒன்று தயார் செய்தேன். வீட்டில் எல்லோருக்கும் ஏகப்பட்ட பெருமை. ஊருக்கும் அனுப்பினோம்.

அந்த ஜூன் மாதம் ஒரு சிறிய கல்லூரி நடத்திய ஒருநாள் கேம்ப்புக்குப் போயிருந்தோம். மதியம் ஸ்டாண்டு நிழலில் டிஃபென்சிவ் பேக்குகளின் கோச் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை அவர் முன்னால் திறந்து வைத்தேன். முதல் கிளிப்பைப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கான். பந்தை எறியறதுக்கு முன்னாடி எங்கே நின்னான்?" படத்தில் இல்லை. இரண்டாவது கிளிப், அதே கேள்வி, அதே பதில். ஆறாவது கிளிப்போடு நிறுத்திவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "நான் இன்னும் உங்க பையனைப் பார்க்கவே இல்லை."

அவருக்கு வேண்டியிருந்தது கால்கள். பந்து ஆட்டத்துக்குள் வரும் நொடியிலிருந்து கார்னர் என்ன செய்கிறான் என்பது.

அதை அன்றைக்கே எனக்குக் காட்டியும் கொடுத்தார். மைதானத்தில் இன்னொரு பையன் ரிசீவருக்கு ஏழு கஜம் தள்ளி நின்று, முதுகு காட்டாமல் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தான். பேக்பெடல் என்பார்கள். ரிசீவர் நெருங்கி வந்ததும் இவன் இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓட ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு திருப்பத்தில்தான் தரம் தெரிந்துவிடுமாம். சில பையன்கள் திரும்பும்போது நெஞ்சை நிமிர்த்துவார்கள். நிமிர்ந்த நொடியில் கால் ஒரு எட்டு வீணாகும், அதற்குள் ரிசீவர் ஒரு கஜம் முன்னால். நல்ல பையனுக்குத் தலை ஏறி இறங்காது, தோள் அதே உயரத்தில் இருக்க இடுப்பு மட்டும் கதவு மாதிரித் திறக்கும். இதில் பந்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். எறியாவிட்டாலும் இது நடக்கிறது, எறியாதபோதும் இதைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். ரிசீவரோடு தோளுக்குத் தோள் ஓடுகிறாயா, தலையைத் திருப்பிப் பந்தைத் தேடு. ஓரடி பின்தங்கிவிட்டாயா, திரும்பவே கூடாது. அவன் கண் விரிவதையும் கை எழும்புவதையும் பார்த்து உன் கையை உள்ளே விடு. பின்தங்கிய பையன் பந்தைத் தேடித் திரும்பினால் இன்னும் பின்தங்குவான். அரை நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவு, அதைச் சொல்லிக்கொடுக்க வருடக்கணக்கில் ஆகும் என்றார்.

சரி, உயரம், வேகம் எல்லாம் கணக்கில் இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ரிச்சர்ட் ஷெர்மன் 6 அடி 3 அங்குலம். ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து கார்னருக்கு மாறியவர், 2011 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தார்கள். அவரையும் அவரைப்போலவே நீளமான கைகொண்ட மற்ற பேக்குகளையும் வைத்து சியாட்டில் அணி சூப்பர் பவுல் (தொழில்முறை லீகின் இறுதிப் போட்டி) ஜெயித்த பிறகு, எல்லோருக்கும் நீளமான கார்னர் மேல் மோகம் வந்துவிட்டது. ஆனால் டைரான் மேத்யூ 5 அடி 9 அங்குலம். எல்எஸ்யூவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆடி, 2011இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியல் வரை போனவர். டெட்ராய்ட் பள்ளியிலிருந்து வந்த சாஸ் கார்ட்னருக்குத் பள்ளி வீரர்களைத் தர வரிசைப்படுத்தும் தளங்கள் கொடுத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான். சின்சினாட்டியில் ஆடிய மூன்று வருடத்தில் அவர் காவலில் ஒரு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்) பாஸ்கூட விழவில்லை, 2022 டிராஃப்டில் நான்காவது ஆளாகப் போனார். கூப்பர் டிஜீன் ஐயோவாவில் ஒடபோல்ட் என்ற குட்டி ஊர்க்காரர், பள்ளியில் குவார்ட்டர்பேக் ஆடியவர். 2025 பிப்ரவரியில், தன் 22ஆவது பிறந்தநாளில், சூப்பர் பவுலில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பிடித்து டச்டவுன் வரை ஓடினார். ஆக, நட்சத்திரத்தை வைத்து உங்கள் அக்கா மகனை யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம்.

40 கஜ ஓட்ட நேரத்தைச் சொல்லும்போது மட்டும் கவனம். ஸ்டாப்வாட்சைக் கையால் அமுக்கும்போது விரல் தாமதம் பையனுக்குச் சாதகமாகும். என் மகன் பள்ளியில் 4.5 வினாடி, அந்தக் கேம்ப்பின் லேசரில் 4.7. கோச்சுகள் இதில் ஏமாறுவதில்லை. அவர்கள் நம்புவது தடகளப் போட்டியில் மின்னணுக் கடிகாரம் காட்டிய 100 மீட்டர் நேரத்தை. வசந்தத்தில் பையனைத் தடகளத்திலும் ஓடச் சொல்லுங்கள்.

டேக்கிள் பற்றிச் சுருக்கமாக: எதிரணி பந்தை எறியாமல் கையில் வைத்து ஓடும்போது ஓடுபவரை மடக்கப் போகிறானா, யாராவது மடக்கட்டும் என்று ஒதுங்குகிறானா என்று பார்ப்பார்கள். ஒதுங்குபவனின் வீடியோவை அங்கேயே மூடிவிடுவார்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பையன்கள் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடுகிறார்கள். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) கல்லூரிகளில் ஆடப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, 17 வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதைவிட வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிய 20 வயதுக்காரனை எடுப்பது பெரிய அணிகளுக்கு வசதியாகிவிட்டது. 2025இலிருந்து பெரிய கல்லூரிகளில் 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அணிக்கே மொத்தம் 105 பேர் என்றாகிவிட்டது. என்சிஏஏவின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீகிலும் கிடையாது. டிவிஷன் 3இல் மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு, ஐவி லீகில் குடும்ப வருமானத்துக்கு ஏற்ற உதவி மட்டும். நம்ம வீடுகளில் எப்படியும் படிப்பை விட்டுவிட மாட்டோம், அது இங்கே நிஜமாகவே கைகொடுக்கும். முதல் அடுக்கான டிவிஷன் 1 என்றால் 16 கோர் பாடங்களும் (ஆங்கிலம், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள்) அவற்றில் 4க்கு 2.3 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) குறைந்தபட்சம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எண்ணுவார்கள்.

இன்னொரு செலவு: "உங்கள் பையனை 200 கல்லூரிகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம்" என்ற ஒரு நிறுவனத்துக்கு 2,000 டாலர் கட்டினேன். அவர்கள் அனுப்பியதும் அதே ஹைலைட்தான். பையன் தானே எழுதிய மின்னஞ்சல்களுக்குத்தான் பதில் வந்தது.

கேம்ப்பிலிருந்து திரும்பியதும் பள்ளி கோச்சிடம் போய் நின்றேன். பள்ளி தன் ஆட்டங்களை மேலே பிரஸ் பாக்ஸிலிருந்து அகலமாகவும், கோல் பக்கம் கம்பத்தில் கேமரா ஏற்றிப் பின்னாலிருந்தும் எடுத்து ஹடல் என்ற வீடியோ தளத்தில் போடுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மகனிடம் இரண்டு வருடமாக அதற்கு லாகின் இருந்ததாம். "நீங்க ஆசையா எடுத்தீங்கப்பா, அதான் சொல்லல" என்றான். கடைசி சீசனில் அந்தக் கம்பத்துக் கேமரா வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில் தோற்றுப்போன ஓர் ஆட்டத்தை எங்கும் வெட்டாமல் அந்தக் கேம்ப் கோச்சுக்கு அனுப்பினோம். மகன் பக்கம் பந்து வந்ததே மூன்று முறைதான். இரண்டு நாள் கழித்து ஒரு கேள்வி வந்தது, மூன்றாவது க்வாட்டரில் ஒரு பிளேயைப் பற்றி. அதில் குவார்ட்டர்பேக் எறிவதற்குள்ளேயே அவரைச் சாய்த்துவிட்டார்கள், நாங்கள் ஸ்டாண்டில் கை தட்டிய பிளே. "அவர் நின்றிருந்தால் அது டச்டவுன். ஏன் தெரியுமா?" என்று மகனிடம் கேட்டிருந்தார். திரும்பப் போட்டுப் பார்த்தேன். வலது ஓரத்தில் ரிசீவர் உள்ளே வெட்டுவது போல் போக்குக் காட்டிவிட்டு நேராக ஓடியிருக்கிறான், அவனுக்கு மூன்று கஜம் பின்னால் என் பையன். மகன் பார்த்தவுடனே பதில் எழுதிவிட்டான்: ரிசீவரின் இடுப்பை விட்டுவிட்டுக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்தேன்.

இப்போது அந்தக் கல்லூரியில்தான் இரண்டாம் வருடம் படிக்கிறான். டிவிஷன் 3. போன சீசனில் பெரும்பாலும் பெஞ்ச்.

உங்கள் அத்தானிடம் ஒரு நல்ல டிரைபாட் வாங்கச் சொல்லுங்கள். ஜூம் பட்டனை மட்டும் தொட வேண்டாம்.