எல் நினோ ஆண்டில் மும்பைக்கு மழை பொய்க்குமா?

மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

தாராவி வாசகர்: எல் நினோ வந்துவிட்டது என்கிறார்களே ஐயா, மழை பொய்க்குமா?

பசிபிக் பெருங்கடலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, சூடான மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கேதான் காற்று மேலெழுந்து பெரும் மேகங்கள் திரளும். அந்தக் காற்று தளர்ந்தால் வெப்பநீர் கிழக்கே நகர்கிறது, மேகத்திரளும் உடன் போகிறது, நம் பக்கத்தில் காற்று கீழிறங்கிப் பருவமழையை அமுக்குகிறது. இதுவே எல் நினோ. ஆனால் இது மட்டுமே விதி அன்று. 1997இல் மிக வலுவான எல் நினோ இருந்தும் நாடு முழுவதற்குமான பருவமழை குறையவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி அவ்வாண்டு கிழக்கைவிட வெப்பமடைந்திருந்தது. அதுவும் நமக்குக் கைகொடுத்தது என்றே கருதுகிறேன்.

செம்பூர் வாசகி: 2015உம் எல் நினோ ஆண்டுதானே? சென்னையில் என் அக்கா வீட்டுக்குள் அப்போது வெள்ளம் புகுந்ததே?

அம்மா, அது வேறு மழை. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் நம் பக்கச் சரிவிலேயே பெருமளவு இறக்கிவிடுவதால், தமிழகத்தின் பெரும்பகுதிக்கு மிஞ்சுவது குறைவு. அக்டோபரில் காற்று திசை மாறி வங்கக் கடலின் நீராவியைச் சுமந்து செல்கிறது. எல் நினோ ஆண்டுகளில் இந்த வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கும்.

முலுண்ட் வாசகர்: நான்கு நாள் கொட்டிவிட்டு, இரண்டு வாரம் வெயில் அடிப்பது ஏன்?

நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை கிழக்கு நோக்கி ஒரு மேகக் கூட்டம் நகர்ந்து செல்லும். மேடன்–ஜூலியன் அலைவு என்று அதற்குப் பெயர். அது இந்தியப் பெருங்கடலில் இருக்கையில் மழை வலுப்பதும், கடந்தபின் ஓய்வதும் வழக்கம். அந்த ஓய்வு நாட்களிலும் கடற்காற்றில் ஈரம் குறைவதில்லை என்பதற்கு, சமையலறை ஜாடியில் நீர்த்துக் கிடக்கும் உப்பே சாட்சி.

சாந்தாகுரூஸ் வாசகர்: 2005 ஜூலை 26 மழையை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா?

பருவம் முழுவதற்குமான கணிப்பு வேறு, உங்கள் தெருவுக்கான கணிப்பு வேறு. அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பதிவானது 944 மில்லிமீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 944 லிட்டர் தண்ணீர். இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே இருக்கும் கொலாபாவில் 100 மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குறுகிய பரப்பில் திரளும் மேகத்தை எந்த எல் நினோ கணக்கும் காட்டாது. ராடாரும், அடுத்த சில மணி நேரத்துக்கான எச்சரிக்கையுமே அதற்கு உதவும். ஆகவே கனமழை எச்சரிக்கை வந்தால், அதனுடன் கடலேற்ற நேரத்தையும் பாருங்கள். கடல் ஏறியிருக்கும்போது, நகரின் ஊடே ஓடிக் கடலில் சேரும் மித்தி ஆற்றின் வெள்ளம் வடிய வழியிருக்காது.