டர்போ சி லிங்கர் தகராறுகள்: கேள்வி-பதில்

கேள்வி: டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) டர்போ சி++ 3.0 என்ற பழைய கம்பைலரைப் போட்டேன். கம்பைல் ஆகிறது, ரன் கொடுத்தால் 'சிஓஎஸ்.ஓபிஜே' ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது. தேடியும் அப்படி ஒரு ஃபைலே இல்லை.

பதில்: அது ஓ இல்லை, பூஜ்யம். சி0எஸ் என்று தேடுங்கள், லிப் ஃபோல்டரிலேயே இருக்கும். உங்கள் மெயினைக் கூப்பிடும் தொடக்க நிரல் அதற்குள்தான் இருக்கிறது, அதனால் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைப்பது) முதலில் கேட்பதே அதைத்தான். (கடைசி எஸ், ஸ்மால் மெமரி மாடல், அதாவது புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்ற அமைப்பு. லார்ஜுக்கு மாற்றினால் சி0எல் கேட்கும்.) கோளாறு பெரும்பாலும் பாதையில்தான். யாரோ பென் டிரைவில் கொடுத்த ஃபோல்டருக்கு டர்போசி3 என்று பெயர் இருக்கும், ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸைத் திறந்தால் லைப்ரரி வரியில் இன்னமும் சி:\டிசி\லிப் என்றே கிடக்கும். அந்த ஃபோல்டரையே சி டிரைவாக மவுன்ட் செய்திருந்தால் வெறும் சி:\லிப் போதும்.

கேள்வி: கிராபிக்ஸ்.எச் இன்க்ளூட் செய்தும் '_இனிட்கிராஃப்' அன்டிஃபைன்ட் சிம்பல் என்கிறதே?

பதில்: ஹெடரில் இருப்பது அறிவிப்பு மட்டும், சரக்கு கிராபிக்ஸ்.லிப்பில். ஆப்ஷன்ஸ், லிங்கர், லைப்ரரீஸ் போய் கிராபிக்ஸ் லைப்ரரிக்கு எக்ஸ் குறி போடுங்கள். அப்புறம், இனிட்கிராஃபுக்குக் கொடுக்கும் பிஜிஐ பாதையில் (கிராபிக்ஸ் டிரைவர் ஃபைல்கள் இருக்கும் இடம், சி:\டிசி\பிஜிஐ போல) ஸ்லாஷை இரண்டிரண்டாகப் போடுங்கள். சின்ன எழுத்தில் ஒற்றை ஸ்லாஷோடு எழுதினால் \டி டேப் ஆகிவிடும், \பி பேக்ஸ்பேஸ்.

கேள்வி: பெயருக்கு முன்னால் அந்தக் கோடு ஏன்?

பதில்: சி கம்பைலர் வைப்பது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: '_மெயின்' இல்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறது சார்!

பதில்: முதல் எழுத்தைப் பெரிய எம்மில் போட்டிருக்கிறீர்களா? எழுத்து இடம் மாறியிருக்கிறதா? (ஒரு மாலை முழுக்க இதற்கே தொலைத்தவன் நான்.) அதெல்லாம் சரி என்றால், பழைய ப்ராஜெக்ட் ஏதோ திறந்தே கிடக்கிறது, அது இருக்கும்வரை நீங்கள் பார்க்கும் ஃபைலை விட்டுவிட்டு அதில் உள்ளதைத்தான் லிங்க் செய்யும். ப்ராஜெக்ட் மெனுவில் குளோஸ் கொடுங்கள்.

கேள்வி: லிங்க் சுத்தமாக முடிகிறது. ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் ஃப்ளோட்டுக்கு ஸ்கேன்எஃப் கொடுத்தால் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்' என்று செத்துவிடுகிறது.

பதில்: ஓடும்போது வந்தாலும் இதுவும் லிங்க் தகராறுதான். மெமரியை மிச்சம் பிடித்த காலம் அது, தேவை என்று தெரிந்தால்தான் தசம எண்ணுக்கான நிரலைச் சேர்க்கும், ஸ்ட்ரக்சர் உறுப்பின் முகவரியை மட்டும் நீட்டினால் கம்பைலருக்குத் தெரிவதில்லை. சாதாரண ஃப்ளோட் வேரியபிள் ஒன்றில் வாங்கி, அதை உறுப்புக்கு மாற்றிப் போடுங்கள், ஓடும்.