மூலக்கூற்று உயிரியலில் ஆய்வும் கற்பித்தலும்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பதிலளிப்பவர் தோட்டப் பாடசாலையொன்றில் படித்து, இன்று பல்கலைக்கழகமொன்றில் கல உயிரியலும், பரம்பரைத் தகவலைத் தாங்கும் டி.என்.ஏ. போன்ற மூலக்கூறுகளின் மட்டத்தில் உயிர்களை ஆராயும் மூலக்கூற்று உயிரியலும் கற்பிக்கும் சிரேஷ்ட விரிவுரையாளர்.

அட்டனிலிருந்து உயர்தர மாணவி: மருத்துவபீடம் கிடைக்காதவர்கள்தான் இத்துறைக்கு வருகிறார்கள் என்கிறார்களே, சேர்?

பலர் அப்படித்தான் வருகிறார்கள், மகள். நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் வந்த வழியைப் பற்றி இரண்டாம் வருடத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுவதால், நுவரெலியா, பதுளை மாவட்ட மாணவர்கள் விண்ணப்பப் படிவத்தில் விஞ்ஞானபீடத்தை அலட்சியமாகக் கடைசியில் எழுதிவிடக் கூடாது. பேராதனை விஞ்ஞானபீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிரியல் தொழினுட்பத்துக்கும் தனித் துறையே உண்டு. விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் மூன்று வருடப் பட்டத்தோடு நின்றுவிடாமல், ஆய்வுக் கட்டுரையோடு கூடிய நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். பாடமொழி ஆங்கிலம் என்பதால் முதல் ஆறு மாதம் சிரமமாகத்தான் இருக்கும். இரசாயனவியலில் அடித்தளம் பலமாக இருந்தால் அந்தச் சிரமம் பாதியாகிவிடும்.

பதுளையிலிருந்து பட்டதாரி: தற்காலிக டெமொன்ஸ்ட்ரேட்டராக (செய்முறை வகுப்புகளுக்கு உதவுபவராக) இருக்கிறேன். இங்கேயே முதுதத்துவமாணி செய்யலாமா, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?

தற்காலிக நியமனத்தில் வருடக்கணக்கில் தங்கிவிடாதீர்கள், தம்பி. நிரந்தரப் பதவி தகுதிகாண் விரிவுரையாளரில் தொடங்குகிறது. பட்டப்பின் ஆய்வுப் பட்டம் பெற்ற பிறகே சிரேஷ்ட விரிவுரையாளர் நிலை உறுதியாகும். அமெரிக்காவில் உயிரியல் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டணத்தையும் மாதக் கொடுப்பனவையும் பல்கலைக்கழகமே ஏற்கும் என்பதால், பணமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் விண்ணப்பிக்காமல் இருப்பது தவறு. பேராசிரியர்களுக்கு எழுதும்போது அவர்களது ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது உண்மையாகவே வாசித்துவிட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நிரந்தர நியமனம் பெற்ற பின் சம்பளத்துடனான கல்வி விடுமுறையில் செல்வதாயின் திரும்பி வந்து பணியாற்றுவதாக உறுதியளிக்கும் பிணைமுறியில் கையொப்பமிட நேரும்; அதை நிதானமாக வாசியுங்கள்.

தலவாக்கலையிலிருந்து மாணவர்: எங்கள் பகுதியில் இருந்துகொண்டு ஆராய என்ன இருக்கிறது?

உங்கள் ஊரிலேயே 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது இந்தக் கேள்வி எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. கொழுந்தின் ஒவ்வொரு கலத்திலும் கற்றேச்சின்கள் எனும் பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்திலும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் பச்சையவுருமணியிலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. வாட்டிய கொழுந்தைத் தொழிற்சாலையில் உருட்டும்போது மென்சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலப்பதாலேயே தியாஃபிளேவினும் தியாரூபிஜினும் உருவாகி, தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் கிடைக்கின்றன. அதே பொலிபீனோல்கள் ஆய்வுகூடத்தில் நமக்கு எதிரியாகின்றன: ஒட்சியேறியதும் அவை டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொள்வதால், குழாயின் அடியில் வெண்மையாக வர வேண்டியது பழுப்பாக வரும், டி.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பீ.சீ.ஆர். நடக்காது. மிக இளம் இலையை எடுத்து, திரவ நைதரசனில் உறையவைத்து அரைத்து, பொலிபீனோல்களைப் பற்றிக்கொள்ளும் பீ.வீ.பீ. என்ற பொருளைக் கரைசலில் சேர்த்தாலன்றி நல்ல டி.என்.ஏ. கிடைப்பது அரிது. என் முதல் மூன்று மாதங்கள் இந்தப் பழுப்பு நிறத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தன.

தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடியாதலால், விதையில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் பரம்பரையலகு அடிப்படையில் வெவ்வேறானது. தோட்டங்களில் வெட்டுத்துண்டிலிருந்து, தாய்ச்செடியை அப்படியே ஒத்ததாக வளர்க்கும் வீ.பீ. (பதியமுறை இனப்பெருக்க) தேயிலை ஏன் வந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. இலங்கைக்கு 1946இல் வந்த கொப்புள நோய்ப் பங்கசு இன்னொரு புதிர்: அது உயிருள்ள கொழுந்தையே நம்பி வாழ்வதால், மற்றப் பங்கசுகளைப் போல அதை ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்களை வளர்க்கும் ஏகார் கூழ்த் தட்டில் இலகுவாக வளர்த்துப் படிக்க முடிவதில்லை. இங்கே 1869இல் கண்டறியப்பட்டு, கோப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட இலைத்துருப் பங்கசும் இதே குணமுடையதே.

மஸ்கெலியாவிலிருந்து ஆசிரியை: எங்கள் பாடசாலையில் இயங்கும் நுணுக்குக்காட்டி இல்லை. கலத்தை எப்படிக் கற்பிப்பது?

டீச்சர், மேற்சொன்ன கொழுந்தையே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கொழுந்தைப் பச்சையாகவே கசக்கி வையுங்கள். மற்றொன்றைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்திய பின் கசக்குங்கள். முதலாவது சிறிது நேரத்தில் செம்புநிறமாகும். நொதியம் வெப்பத்தால் செயலிழந்துவிட்டபடியால் இரண்டாவது பச்சையாகவே இருக்கும். கலத்துக்குள் அறைகள் ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது. பிசைந்த வாழைப்பழத்தோடு உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து வடித்து, குளிர்ந்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை மெதுவாக ஊற்றினால் டி.என்.ஏ. நூலாகத் திரண்டு வருவதையும் பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

கண்டியிலிருந்து ஆய்வு மாணவி: கற்பித்தல் சுமையால் ஆய்வு பாதிக்கப்படுகிறதா?

பாதிக்கப்படுகிறது, மறைப்பதற்கில்லை. விடைத்தாள் திருத்தும் வாரங்களில் நான் குழாயியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் என் ஆய்வை அதிகம் குலைத்தது கற்பித்தல் அல்ல, மின்சாரம். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய 2022 மார்ச் இறுதியில், மறை 80 பாகையில் வைத்திருந்த எளிதில் சிதையும் ஆர்.என்.ஏ. மாதிரிகள் இளகி, இரண்டு வருட உழைப்பு ஒரே இரவில் பயனற்றுப்போனது. அன்றிலிருந்து முக்கியமான மாதிரிகளை இரண்டாகப் பிரித்து வேறொரு கட்டடத்திலும் வைக்கிறேன்.

கொட்டகலையிலிருந்து தாய்: மகள் இரவு எட்டு மணிக்கும் ஆய்வுகூடத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். இது வழமையா, ஐயா?

வழமைதான், அம்மா. சில பரிசோதனைகளைத் தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. தனியாக இருக்காமல் இன்னொருவரோடு வேலை செய்யவும், விடுதிக்குத் திரும்பும் நேரத்தை மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் சொல்லுங்கள். மறுப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.